கோணல் வரி

என் ஓரகத்தியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் பாஸ்டர். வேதம் முழுவதையும் சபையார் கையாலேயே எழுதி முடித்தோமே, அந்தப் பெரிய புத்தகத்தோடு சேர்த்து வைக்க, எழுதினவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் வேண்டுமாம். அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லையாம். நல்ல ஆளைப் பிடித்தார் போங்கள்!

அவள் என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். அவளுக்குப் பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. மதியம் முழங்கை வரை மாவோடு திரும்பி வரும்போது தெருவே அவளை நிறுத்தி விசாரிக்கும். நான் மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக மாத்திரை உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று முத்து முத்தாக எழுதித் தருகிறேன். என்னை யார் விசாரித்தார்கள்? மாமியார் இருமினால் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவது நான். குடித்து முடித்ததும், "சின்னவ வந்துட்டாளா?" என்பார். எரியுமா, எரியாதா?

எழுதும் வேலையைச் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிப்பார்களே, அன்பைப் பற்றின அதிகாரம், அது எனக்கு விழ வேண்டும் என்று மூன்று நாள் ஜெபித்தேன். சபையிலேயே நல்ல கையெழுத்து என்னுடையது. அதன் அடியில் என் பெயர் இருந்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆசை. சீட்டு அவளுக்கு விழுந்தது. எனக்கு விழுந்த அதிகாரங்களில் முக்கால்வாசி, கூடாரத்துக்கு எத்தனை முழம் திரை, எத்தனை கொக்கி என்கிற கணக்கு.

"எந்தப் பக்கத்தப் புரட்டினாலும் ஆண்டவரோட அன்புதாம்மா இருக்கும்," என்றார் பாஸ்டர்.

"கொக்கியிலயுமா?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வயிற்றெரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்தேன். கொக்கிக்கு வருவதற்கு முன்பே பேனா நின்றுவிட்டது. தாம் எரிச்சல் உள்ளவர் என்று கடவுள் தம் வாயாலேயே சொல்லியிருந்தார். தம்முடைய ஜனம் வேறொரு சாமியைக் கும்பிட்டால் அவருக்குத் தாங்காதாம். அடேயப்பா, நீருமா! பிரியமே இல்லாதவருக்கு எரிச்சல் எங்கிருந்து வரும்? அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

தாள்களை ஒப்படைக்க நாலு நாள் இருந்தது. பேக்கரித் தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து அவள் வலது கையை உடைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு கீழே வந்து என் முன்னால் தாளை நீட்டினாள்.

"அக்கா, நீங்கதான் எழுதித் தரணும்."

"அடியில யார் பேரு?"

"சீட்டு எனக்குத்தானக்கா விழுந்துச்சு," என்றாள், கள்ளங்கபடு இல்லாமல். அந்தக் கள்ளங்கபடு இல்லாமைதான் எனக்கு ஆகவே ஆகாது.

ஆளுக்கு எண்ணிக் கொடுத்த தாள். வேறு கிடைக்காது, அடித்தல் திருத்தலும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். சாந்தம், தயவு வரைக்கும் ஓடியது. அடுத்து, அன்பு இருக்கிற இடத்தில் பொறாமை இருக்காது என்கிற வரி. கை வரவே இல்லை. நான் எழுதினால் அது பச்சைப் பொய். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, மீதியை முடித்து, தாளை மாடிக்கு எடுத்துப் போனேன்.

"இந்த வரிய நீயே எழுது. இடது கையால."

"ஏன்க்கா?"

"எனக்கு அத எழுத யோக்கியத இல்ல. உம்மேல எனக்குப் பொறாமை. நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து."

அவள் அழவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. "தெரியும்க்கா," என்றாள். "தெரிஞ்சுதான் தாளத் தந்தேன். கெடுத்துடுவீங்களோன்னு இவருக்குப் பயம். எங்க அக்கா கெடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, அந்த ஒரு வரியைக் கோணல்மாணலாக எழுதி முடித்தாள். அடியில் தன் பெயரையும் எழுதினாள்.

புத்தகம் இப்போது ஆலய வாசலில் மேசைமேல் இருக்கிறது. திறந்து வைத்திருப்பது அந்தப் பக்கத்தைத்தான். வருகிறவர்கள் எல்லாரும் கோணல் வரியைத் தடவிப் பார்க்கிறார்கள். "ஒடஞ்ச கையோட எழுதியிருக்கா பாரு, என்ன அன்பு!" என்கிறார்கள். அதற்கு மேலேயும் கீழேயும் முத்து முத்தாக இருக்கிறதே, அது யார் கை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும் சும்மா இருப்பதில்லை. "எல்லாம் அக்கா எழுதினதுங்க," என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். அதற்கும் அவளைத்தான் மெச்சுகிறார்கள், எவ்வளவு தாழ்மை என்று!

எரிகிறது ஆண்டவரே. உமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

பாஸ்டர், நீங்கள் கேட்ட பக்கம் இவ்வளவுதான். அவள் நல்லவள். இந்த ஒரு வரிக்கு இடம் விட்டு யாரிடமும் கொடுக்கவில்லை, நானே எழுதியிருக்கிறேன்.