சாவி கொடுத்தால் ஓடும்

அலாரம் கடிகாரத்தைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "சித்த நேரம் பேசாம இருங்க" என்று கையைக் காட்டுகிறார் டிக்டிக் அக்கா. வந்தவர் வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரே ஆனாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் எனக்கு இது பழகிவிட்டது.

பழைய மேசைக் கடிகாரங்களை வாங்கிக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, இணையத்தில் ஏலம் விடும் ஒரு தளத்தில் விற்கிறார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓடாத எதையும் ஏலத்துக்கு அனுப்ப மாட்டார். படம் எடுக்கும்போது முதலில் கீறல், துரு, உடைந்த கால், அப்புறம்தான் முகம். "அழகு தன்னால கண்ணுல படும். குறையை நாமதான் சொல்லணும்" என்பார்.

தளத்தின் பேச்சை எடுத்தால் மட்டும் அக்காவின் குரல் ஏறிவிடும். "ஏலத்துல போட ஒரு கமிஷன், வித்தா ஒரு கமிஷன். சரி, தொலையட்டும். தபால் செலவுக்கும் கமிஷனாம்! சுமந்துட்டுப் போற தபால்காரர் கேட்டாரா?" அதையும் பொறுத்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டியவர். பொருள் சரியில்லை என்று வாடிக்கையாளர் வைக்கும் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட வாங்கியதில்லை. வாங்கினால் கமிஷன் கூடும், கடிகாரமெல்லாம் யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

போன மாதம் அந்தப் புள்ளி விழுந்தது. எப்போதும் போல, 'சாவி கொடுத்தால் நன்றாக ஓடும்' என்று எழுதியிருந்தார். கடிகாரத்தின் பின்னால் இருக்கும் குமிழைத் திருகுவதற்கு நாம் அப்படித்தானே சொல்வோம்? தளத்தின் மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்கு அது எங்கே தெரியும்? கடல் தாண்டி வாங்கியவரிடம் 'சாவி தரப்படும்' என்று சொல்லிவைத்திருக்கிறது. அவர் சாவியைக் காணோம் என்று புகார் கொடுத்து, கையோடு சிவப்பையும் வைத்துவிட்டார்.

அக்காவின் கணவர் ஒரு யோசனை சொன்னார். "டிராயர்ல எத்தனையோ சாவி கெடக்கு. ஒண்ணை அனுப்பிவிடேன். ஆளும் குளிர்ந்துருவாரு, புள்ளியும் போயிடும்."

"ஏங்க, ஓட்டையே இல்லாத கடிகாரத்துக்குச் சாவியா? அதை அவர் எங்க போடுவாரு?"

அதே மாதிரி இன்னொரு கடிகாரத்தை எடுத்துவைத்து, குமிழை எந்தப் பக்கம், எத்தனை தடவை திருக வேண்டும் என்று வீடியோ எடுத்து அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. கடிகாரம் ஓடுகிறதாம், மன்னிக்க வேண்டுமாம், புகாரையும் புள்ளியையும் எடுத்துவிடும்படி தளத்துக்கு எழுதிவிட்டாராம். நாங்கள் இரண்டு போர்ஷன்காரர்களும் காபி போட்டுக் கொண்டாடினோம்.

தளம் அசைந்து கொடுக்கவில்லை. ஒருமுறை வைத்த புள்ளியை வைத்தவரே கேட்டாலும் எடுக்க வழியில்லையாம். அக்கா மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும், 'உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்' என்று ஒரே பதில். கமிஷன் கூடியது. வயிறு எரிந்தது எனக்கு.

நேற்றுக் காலை நான் போனபோது, வாங்கியவரைப் பற்றி அக்காவின் கருத்தைக் கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வந்திருந்தது. விற்பவர் வாங்குபவருக்குச் சிவப்பு வைக்க முடியாது. நட்சத்திரம் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு போகலாம். "மூடிட்டுப் போங்கக்கா. அந்தாளுக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க" என்றேன்.

"அவர் என்ன பண்ணுவாரு பாவம்? இல்லாத சாவிக்குப் பொட்டியெல்லாம் கொட்டிக் கவுத்துத் தேடியிருப்பாரு" என்றவர், "இந்தப் பாழாப்போன சைட்டைத்தான்..." என்று ஆரம்பித்தார். இங்கே எழுத முடியாத வார்த்தைகள் சரமாரியாக வந்தன. திட்டிக்கொண்டே எண்ணெய் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினார்.