கிணற்றுத் தண்ணீரை நிறுத்திய கோடை

வெள்ளவத்தையில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. கீழே நானும் கணவரும். மேல்மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். பின்பக்கம் ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு நிலம். அந்த நிலத்திலும் அதைச் சுற்றி வைத்த சாடிகளிலும்தான் என் கத்தரி, மிளகாய், பாகல், கறிவேப்பிலை எல்லாம்.

இந்த முறை பங்குனி வெயில் வேறு மாதிரி இருந்தது. காலைச் சாப்பாடு முடிவதற்குள்ளேயே முற்றத்துச் சீமெந்தில் கால் வைக்க முடியாது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் பாவிக்க வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கென்ன, பழைய கிணறு இருக்கிறதே என்று மோட்டாரைப் போட்டோம்.

ஒரு கிழமைக்குள் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது.

"தண்ணி காணாது. பின்னேரமும் விடும்" என்றார் கணவர்.

விட்டேன். கருகல் ஓரத்திலிருந்து நடு இலைக்கு வந்தது. மண் ஈரமாகத்தான் இருந்தது. ஈர மண்ணில் நிற்கிற செடி ஏன் காய வேண்டும்? சாடிகளின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. உடனே வாளித் தண்ணீரையும் ஒரு கை அள்ளிப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, இதைக் கொஞ்சம் வாயில விட்டுப் பாருங்கோ."

அவர் முகத்தைச் சுளித்தார். "கடலுக்குக் கிட்டக் கிணறு எண்டா கொஞ்சம் உவர்க்கும்தானே."

"கொஞ்சமில்லை. மழையில்லாமல் நல்ல தண்ணி இறங்கிட்டுது, கடல் தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது. நாங்கள் ரெண்டு நேரமும் உப்பைத்தான் விட்டிருக்கிறம்."

மோட்டாரின் பிளக்கைக் கழற்றி வைத்தேன். இனி நல்ல தண்ணீரால் மண்ணைக் கழுவ வேண்டும். அதற்கு எங்கே போவது என்று குசினி வாசலில் நின்றபோதுதான் மேல்வீட்டு ஏசிகளின் தண்ணீர் எங்கள் சுவரில் வடிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. அந்த வடிசலுக்காகத்தான் கணவர் போன மாதம் மேலே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்திருந்தார்.

"அந்தத் தண்ணியைக் கேட்பம்" என்றேன்.

"நான் வரமாட்டன்."

"அப்ப நான் போறன்."

நான் பாதிப் படி ஏறியதும் பின்னால் அவரும் வந்தார்.

மேல்வீட்டுப் பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "போன மாசம் சுவர் நனையுதுன்னு ஏசிட்டுப் போனீங்க. இப்ப அந்தத் தண்ணிதான் வேணுமா அண்ணே?"

கணவர் தரையைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி, இப்ப வேணும்."

"புள்ளைகள் நாள் முழுக்க ஏசியை நிப்பாட்டவே விடுறாங்க இல்ல. வேணுமட்டும் எடுங்க."

அன்றே கணவர் ஒரு குழாயைப் பொருத்தித் தண்ணீரைப் பீப்பாவுக்குள் இறக்கினார். குடித்துப் பார்த்தேன், ஒரு ருசியும் இல்லை. வெயில் ஏற ஏற ஏசிகள் ஓயாமல் ஓடின, பீப்பாவும் நிரம்பியது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அது போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பாகலைப் பிடுங்கினேன். "பூத்த கொடியை என்னத்துக்கு?" என்று கணவர் பதறினார். தண்ணீரை அதிகம் குடிப்பது அதுதான், காய்க்கும் வரை தாங்கப் போவதுமில்லை. கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். சாடிகளின் அடியால் தண்ணீர் வழியும் வரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவினேன். வேரடியில் தேங்காய் மட்டைப் பொச்சைப் பரப்பி, மிளகாய்க்கு மேலே பழைய பெட்சீட் ஒன்றை இழுத்துக் கட்டினேன். பார்த்தவர்களுக்குத் தோட்டம் அழிந்தது போலத்தான் இருந்திருக்கும். எனக்குப் பயம் இருக்கவில்லை. என்ன நோய் என்று தெரிந்த பிறகு கை தானாக வேலை செய்தது.

மிளகாயில் பாதி போய்விட்டது. சித்திரை பிறக்கும் முன்பே, வெட்டிய கத்தரித் தண்டுகளில் ஊதா நிறத் துளிர்கள் தோன்றின. பிறகு மழையும் வந்தது. முதலில் காய்த்தவற்றில் கொஞ்சத்தை மேல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொரித்துக் குழம்பு வைத்தேன். தோல் சற்றுத் தடிப்பு. ருசியில் ஒரு குறையும் இல்லை.