மெரூன் துணியில் இருந்த காசு

மாமாவின் ஜெர்மன் காசுகளைச் சுற்றியிருந்த துணியெல்லாம் எங்கே என்று அத்தை ரெண்டு தடவை போனில் கேட்டுவிட்டார். ரெண்டு தடவையும் "பத்திரமா இருக்குதுங்கத்தை" என்றேன். பொய். அந்தத் துணியில்தான் போன ஞாயிற்றுக்கிழமை என் பைக் செயினைத் துடைத்தேன்.

சிரிக்காதீங்க. திருப்பூர்க்காரன் கண்ணில் பனியன் துண்டு பட்டால் கை தானாக எதையாவது துடைக்கப் போகும். மாமா காலமானபின் அத்தை கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்னில், ஒவ்வொரு காசும் ஒரு துண்டுத் துணியில் சுற்றி நூலால் கட்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கலர். அவிழ்த்தேன், அதே துணியால் காசைத் தேய்த்தேன், துணியை ஓரமாகக் குவித்தேன். பிறகு செல்போனும் கையுமாக உட்கார்ந்து அடையாளம் பார்த்தேன். கனமே இல்லாத அலுமினியக் காசு கிழக்கு ஜெர்மனி. ஒரு பெண் முட்டி போட்டு மரக்கன்று நடுவது மேற்கு ஜெர்மனியின் ஐம்பது பெனிக், அவர்கள் ஊர்ப் பைசா. டி, எஃப், ஜி, ஜே என்று சின்னதாக ஓர் எழுத்து; லாட் நம்பராக்கும் என்று நினைத்தேன், அச்சடித்த ஊராம். நாடு வாரியாக, வருஷ வாரியாக ஆல்பத்தில் சொருகி முடித்தபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே!

கட்டு அவிழ்க்கும்போது ஒரு வாசம் வந்தது. ஸ்டீம் போட்ட துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த, மாமா சட்டை வாசம். அம்மாவின் தம்பி, கட்டிங் மாஸ்டர். என்னை அதே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆர்டர் பார்க்க வரும் ஜெர்மனிக்காரர்களிடம் கழுத்தில் இஞ்ச் டேப்போடு போய் "சார், ஓல்டு காயின்?" என்று கை நீட்டுவார். ரெண்டு ஜெர்மனியும் ஒன்றானபோதும், பிறகு யூரோ வந்தபோதும் செல்லாமல் போய் அவர்கள் வீட்டில் கிடந்த காசுதான். அடுத்த தடவை ஞாபகமாக எடுத்து வருவார்கள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசும். டை கட்டின மிதப்பு, வேறென்ன?

என் முதல் ஆர்டர் மெரூன் டீ-ஷர்ட். அதைக் கொடுத்த பையரிடமும் மாமா வந்து கை நீட்டினார். காசைக் கொடுத்துவிட்டு பையர் என்னைப் பார்த்து, உங்கள் சொந்தக்காரரா, மூக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்றார்.

"நோ நோ, கட்டிங் மாஸ்டர்" என்றேன்.

அந்த அளவு இங்கிலீஷ் மாமாவுக்குப் புரியும். காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் வழக்கம்போல என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, "மத்தியானம் சாப்புட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நேற்று, பொய் சொல்லி மாளாமல் ஆல்பத்தோடு மங்கலத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். துணி போய்விட்டதை மென்று முழுங்கிச் சொன்னேன். அத்தை ஆல்பத்தைத் தடவிப் பார்த்தார்.

"அந்தத் துணியப் பாத்துத்தான கண்ணு உங்க மாமன் சொல்லுவாரு, இது இன்னாரு குடுத்தது, இன்ன ஆர்டருன்னு. ஒவ்வொரு ஆர்டர்லயும் ஒரு துண்டு வெட்டி வெச்சிருந்தாரு. செரி, போவுது உடு. அந்த மெரூன் துணிக் காசு எது? ஊட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல அதத்தான் எடுத்துக் காட்டுவாரு. 'எங்கக்கா பையன் புடிச்ச மொத ஆர்டரு'ம்பாரு."

அன்று அந்தக் காசை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை யாரோ என்று சொன்ன நாளின் காசை, அந்த மனுஷன் ஊருக்கெல்லாம் என் பேரைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

அத்தை கையை நீட்டினார். கண்ணில் புரை, கிட்டத்தில் வைத்தாலும் சரியாகத் தெரியாது. தெரியலைங்கத்தை என்று சொல்லியிருக்க வேண்டும். கைக்கு வந்த ஒன்றை உருவி, "இதுதாங்க" என்று வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது மட்டும் என்ற கிட்ட இருக்கட்டும் சாமி" என்றார்.

துணி குப்பை வண்டியோடு போயாச்சு. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஒவ்வொரு காசுக்கும் நாடு தெரியும், வருஷம் தெரியும், அச்சடித்த ஊர்கூடத் தெரியும். என் காசு எது என்று தெரிந்த ஒரே ஆள் மாமாதான்.