சுரண்டிப் பார்த்துச் சேர்த்த கல்லூரி

என் அக்கா வீட்டுக்காரரோடு யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போகக் கூடாது. மானம் போய்விடும். உள்ளே நுழைந்ததும் மனிதர்களை விட்டுவிட்டுச் சுவரைத்தான் பார்ப்பார். கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, மேடு பள்ளம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்வார். தெரிந்தால் "ச்சு" என்பார். அந்த "ச்சு" விருந்து வைத்தவர் காதில் விழக் கூடாதே என்று நான் இருமுவேன். இருமி இருமியே எனக்கு ஏதோ நெஞ்சுக் கோளாறு என்று சொந்தபந்தத்தில் பேச்சாகிவிட்டது.

மச்சான் பெயிண்டர். பல வருஷம் நாள்கூலிக்குப் போய், பிறகு சொந்தமாக ஒரு சாரம் வாங்கினார். இரும்புக் குழாய்ச் சாரம், ஏறி நின்று மூன்று மாடிவரை அடிக்கலாம். அது வந்து இறங்கிய அன்று சாப்பிடக்கூட வராமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாரம் இருப்பவர் வேலை பிடிப்பார், இல்லாதவர் அவரிடம் வேலைக்குப் போவார். அவர் தொழிலில் முதலாளிக்கும் கூலிக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பட்டித் தகடு இருக்கும். சுவரில் பட்டி மாவு இழுப்பதும் அதில்தான், பழைய பெயிண்டைச் சுரண்டுவதும் அதில்தான். குளிக்கும்போது மட்டும்தான் அது அவரைப் பிரியும் என்பாள் அக்கா.

அவர்களுக்கு ஒரே மகள். எதற்கும் ஏன், எதனால் என்று குறுக்கு விசாரணை செய்வதால் நான் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவேன். அப்பா பெயிண்ட் கலக்கும் வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஏம்ப்பா இது காயுது? தண்ணி போயிட்டா கலர் மட்டும் எப்படிச் சுவர்ல ஒட்டிக்குது?" என்று நச்சரித்தே வளர்ந்தவள். "பெயிண்ட்டுன்னா ஒட்டத்தான் செய்யும், போம்மா" என்பார் அவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், வேதியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நல்ல மதிப்பெண் வேறு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். வீடே தலைகால் புரியாமல் ஆடியது, நானும் சேர்ந்துதான்.

என்னிடம் ஒரு சரக்கு வேன் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சரக்கை எல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு, மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கல்லூரி பார்க்கக் கிளம்பினோம். பெண் பார்க்கப் போகும் வீட்டார்கூட அவ்வளவு பரபரப்பாகப் போயிருக்க மாட்டார்கள். மச்சான் சலவைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் வெள்ளை போகவில்லை.

முதலில் போனது கண்ணாடி முகப்பு போட்ட ஒரு கல்லூரி. மச்சான் உள்ளே வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுவர் தண்ணீர்போல் சமமாக இருந்தது. "ச்சு" வரவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"மாப்ளே, கையை வச்சுப் பாரு. ரோலர் தடம் ஒண்ணாவது காட்டு பாப்போம். சுவருக்கே இவ்வளவு பார்த்துச் செய்றவன், புள்ளைங்களுக்கு எவ்வளவு செய்வான்!"

சுற்றிக் காட்ட வந்த டை கட்டிய இளைஞர் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். எல்லாம் பளபள. மேஜையில் ஒரு கறை கிடையாது. குடுவைகள் அலமாரிக்குள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன.

"இதெல்லாம் நாங்க எப்போ எடுத்துச் செய்வோம்?" என்று கேட்டாள் வக்கீல்.

"சார் செஞ்சு காட்டுவார்மா. பெரிய திரையில எல்லாருக்கும் தெளிவாத் தெரியும்."

"நாங்க?"

"நீங்க பாக்கலாம்."

அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். மச்சான் பார்க்கவில்லை, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டணத்தைச் சொன்னபோது எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. மச்சான் அசரவில்லை. திங்கட்கிழமை வந்து கட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வேனில் ஏறியதும் கேட்டேன். "பணத்துக்கு என்ன பண்ணுவீங்க மச்சான்?"

"சாரத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கு. திங்கக்கிழமை காலைல எடுத்துக்குவான்."

சாரம் போனால் மறுபடி நாள்கூலி, இந்த வயதில். வக்கீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. இன்னொரு காலேஜ் இருக்கு. இந்தக் கண்ணாடிக் காலேஜ்ல ஒரு வருஷத்துக்கு வாங்குற காசுல அங்க மூணு வருஷமும் படிச்சிடலாம். பாத்துட்டாவது போலாம்ப்பா."

"விலை கம்மின்னா சரக்கும் கம்மியாத்தான் இருக்கும்" என்றார் அவர். ஆனாலும் வண்டியைத் திருப்பினேன். ஓட்டுகிறவன் நான்தானே.

அது பழைய கட்டடம், மரங்களுக்கு நடுவே. பக்கவாட்டுச் சுவர் கண்ணில் பட்டதும் மச்சான் "அடக் கொடுமையே!" என்று கத்தினார். சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக வெவ்வேறு நிறம். கட்டம் கட்டமாக நீலம், சாம்பல், செங்கல் நிறம், சோகைபிடித்த மஞ்சள். சிலது உரிந்து தொங்கின, சிலது உப்பியிருந்தன.

"எவன்டா இதை அடிச்சவன்? அவன் பிரஷ்ஷைப் புடுங்கி அடுப்புல போடணும்! நான் இறங்க மாட்டேன்."

"நீங்க இருங்க, நான் பாத்துட்டு வர்றேன்" என்று வக்கீல் குதித்து ஓடிவிட்டாள்.

இறங்க மாட்டேன் என்றவருக்குச் சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் இறங்கிச் சுவரோரம் போனார். உரிந்து தொங்கும் பெயிண்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியாது. கை பின் பாக்கெட்டுக்குப் போனது. நான் கத்துவதற்குள் தகடு சுவரில் ஏறிவிட்டது. சரக் சரக்கென்று ஒரு மஞ்சள் கட்டம் முழுக்கத் தரையில் உதிர்ந்தது.

"ஐயோ! அங்கிள்! என்ன பண்றீங்க?"

ஜன்னல் வழியே ஒரு மாணவி அலறினாள். கறைபிடித்த வெள்ளைக் கோட்டோடு நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். பின்னால் ஒரு பேராசிரியை. அவர்களோடு, வாயைப் பொத்திக்கொண்டு, எங்கள் வக்கீல்.

"அப்பா! அது அவங்க செஞ்ச பெயிண்ட்ப்பா! அவங்களே லேப்ல கலந்தது. வெயிலும் மழையும் எதை என்ன பண்ணுதுன்னு போன வருஷத்துலேர்ந்து பாத்துட்டிருக்காங்க!"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. தகட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சேருவதற்கு முன்பே மகளைக் கல்லூரியை விட்டு அனுப்பவைத்த முதல் அப்பா இவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

பேராசிரியை குனிந்து உதிர்ந்ததைப் பார்த்தார். மாணவியைப் பார்த்தார். மாணவி வாயைத் திறந்தாள்.

"மேடம், மஞ்சள்தான். அது உரியும்னு தெரிஞ்சே வச்சது. ஒண்ணும் சேர்க்காம, ஒப்பிட்டுப் பாக்க." பிறகு மச்சானைப் பார்த்தாள். "அங்கிள், பக்கத்துல அந்த நீலம் நான் செஞ்சது. அதே நாள்ல அடிச்சதுதான். அதையும் சுரண்டுங்களேன்."

"நானா?"

"நல்லா அழுத்தி."

மச்சான் தயங்கித் தயங்கித் தகட்டை வைத்தார். வரவில்லை. அழுத்தினார். வரவில்லை. சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். தகடு கிறீச்சிட்டதுதான் மிச்சம். நீலம் அப்படியே இருந்தது.

"என் தகட்டுக்கு மசியாத பெயிண்ட்டா?" என்றார் மூச்சிரைக்க. "நீயாம்மா செஞ்சே? உன் கையாலயா?"

"எங்க எல்லாருக்கும் ஒரு கட்டம் உண்டு அங்கிள். ரெண்டாம் வருஷம் குடுப்பாங்க."

அவ்வளவுதான். மனிதர் சின்னப்பிள்ளையாகிவிட்டார். ஒவ்வொரு கட்டமாக ஓடினார். இது ஏன் உப்பியது, அது ஏன் வெளுத்தது என்று மாணவர்களைத் துளைத்தெடுத்தார். மகள் இத்தனை வருஷம் அவரைக் கேட்ட அதே கேள்விகள். அவர்கள் பதில் சொல்லச் சொல்ல, "ஓகோ! ஓகோ!" என்றார். உள்ளே ஆய்வகத்துக்கும் இழுத்துப் போனார்கள். மேஜையெல்லாம் சுட்ட தழும்பு, கறை, கீறல். மச்சான் விளக்கை எடுக்கவே இல்லை.

"இங்கதான் சேர்றே" என்றார் மகளிடம்.

"சாரம்?"

"அது எங்கயும் போகாது."

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் இருமிச் சமாளித்தேன்.

இரண்டாம் வருஷம் அவளுக்கும் ஒரு கட்டம் வந்தது. பச்சை. மழையும் கோடையும் போன பிறகு கூப்பிட்டாள். அதே வேன், அதே முன்சீட்டு. மச்சான் தகட்டைச் சாணை பிடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆனால் சுவரில் வைத்ததும் கை பூப்போல நகர்ந்தது.

"பாசமெல்லாம் வீட்டோட வச்சுக்குங்கப்பா" என்று அதட்டினாள் வக்கீல். "அன்னிக்கு அந்த அக்காவோட நீலத்தைச் சுரண்டுனீங்களே, அப்படிச் சுரண்டுங்க."

மச்சான் காலை ஊன்றினார். இழுத்தார். ஒரு மூலையில் நகத்தளவு பெயர்ந்து வந்துவிட்டது. அவர் முகம் செத்துவிட்டது. தலையைத் தூக்காமலே "தப்புப் பண்ணிட்டேனேம்மா" என்றார்.

"வந்துடுச்சா? எங்க, காட்டுங்க!" அவள் அந்தச் சில்லைப் பிடுங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் மின்னியது. "அடியில இருந்து வரலப்பா, நடுவுல பிளந்திருக்கு. சுவர் விடல, என் கலவைதான் விட்டிருக்கு! தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஆய்வகத்துக்கு ஓடினாள். எங்களுக்கு வாங்கன்னும் இல்லை, போங்கன்னும் இல்லை.

மச்சான் கீழே குனிந்து தேடி, மிச்சமிருந்த ஒரு பச்சைத் துணுக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பி வெகுதூரம் வந்ததும் அந்தத் துணுக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, இவங்க அந்தக் கண்ணாடிக் காலேஜ் ஃபீஸைக் கேட்டிருந்தாலும் சாரத்தை வித்துக் கட்டியிருப்பேன்டா."

"மெதுவாச் சொல்லுங்க மச்சான்" என்றேன். "அவங்க காதுல விழுந்துடப் போகுது, இன்னும் ஒரு வருஷ ஃபீஸ் கட்டணும்."