கண்ணுக்கு என்று சொன்ன லேசர்

எனக்கு லேசர் செய்தது கண்ணில் இல்லை. ஆனால் மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் இன்னமும் கண்ணில் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்ணுறுப்பின் தோல் வெளுத்து, மெலிந்து, உட்கார்ந்து எழுந்தாலே வெடிக்கிற வியாதி. யாருக்கும் ஒட்டாது. பல வருஷம் உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். மருந்துக்கடையில் சேற்றுப்புண் என்று பொய் சொல்லிக் களிம்பு வாங்கினேன். அரிப்பில் தூக்கம் கெட்டு, பார்த்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். கடைசியில் அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "இது முழுசாப் போகாதும்மா. நான் குடுக்கிற களிம்பை விடக்கூடாது. லேசர்ல சிலருக்கு எரிச்சல் குறையுது, சிலருக்கு இல்ல. பார்க்கலாம்," என்றார். பூசி மெழுகாத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

மரத்துப்போக மருந்து தடவித்தான் லேசர் செய்தார்கள். வீடு திரும்புவதற்குள் மரப்பு விட்டுவிட்டது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் உயிரை எடுத்தது. வாசலில் எதிர்வீட்டு மாமி, "எங்கே போய்ட்டு வரேள்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"இவளுக்குக் கண்ணுல லேசர் மாமி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சும்மாவா? அன்று சாயந்திரமே கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்து என் மூக்கில் மாட்டினார். என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போவதில்கூட அவருக்கு அத்தனை சுறுசுறுப்பு இருந்ததில்லை.

மறுநாள் ஃபிளாட்டில் இருப்பவர்கள் விசாரிக்க வர ஆரம்பித்தார்கள். உடம்பு முடியாதவளைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது. வந்தவர்களோடு உட்காராமல் நான் உள்ளே போய்ப் படுக்கவும் கூடாது. ஆப்பிள் வந்தது, சாத்துக்குடி வந்தது. "அடுப்பு வெக்கை கண்ணுல படப்டாது" என்று எதிர்வீட்டு மாமி ரசமும் சாதமும் கொண்டுவந்தாள். எல்லோரும் நல்லவர்கள், அதுதான் கொடுமை. நாற்காலியில் ஒருக்களித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, என் கண்ணுக்காக அவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாங்காமல் எழுந்து நின்றால், "நிக்காதேங்கோ, தலை சுத்தும்" என்று கையைப் பிடித்து மறுபடி உட்கார்த்தினார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அங்கே வலிக்கிறதா என்று வீட்டில் ஒரு ஆள் கேட்க வேண்டும். அந்த ஆள் என் கணவர்தான், வேறு யார் இருக்கிறார்கள்?

எல்லோரும் போனபின் கதவைத் தாழிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் நிஜமான கவலை இருந்தது, அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கண்ணு எப்படி இருக்கு?"

இத்தனை வருஷம் கூடப் படுத்த மனுஷர். பூட்டிய வீட்டுக்குள், என்னிடமே, அவருக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லை," என்றேன்.

"அப்பாடா," என்று அவர் டிவியைப் போட்டார்.