வீரம்மாள் சொன்ன படங்கள்

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வீரம்மாள் முதலில் வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டு, கல்யாணப் பந்தியில் கடைசி இலை, கோயிலில் கதவோரம். உட்கார்ந்த பிறகும் ஒரு கால் எழுந்திருக்கத் தயாராகவே இருக்கும். பீங்கான் கம்பெனியில் கூட வேலை செய்த ராஜாம்பாள் இதை வருஷக்கணக்காகக் கவனித்து வைத்திருந்தாள். "என்னாடி, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டியா?" என்பாள். வீரம்மாள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

சூளைக்குப் போகும் முன் பியூஸ் கட்டைகளின் பச்சை மண் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அடுக்குவது அவர்கள் வேலை. கை ஓடும்; வாய் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் வீரம்மாள் படம் சொல்லுவாள். வேறு எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாதவள், படம் சொல்லும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். அதிலும் டைரக்டர் வைத்திலிங்கத்தின் படம் என்றால் எல்லோரும் முக்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்துவிடுவார்கள். மற்றவர்கள் படமெல்லாம் மேளமும் கூச்சலுமாக இருந்த காலத்தில், பாட்டையும் வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, கிணற்றுக் கயிறு இழுபடுவதையும் தாழ்ப்பாள் விழுவதையும் கேட்க வைத்தவர் அவர்.

"அவ நடந்து வரா. மணல்ல வந்தவ சிமெண்டு தரைக்கு ஏறுறா. அப்பவே தெரியுது, வேற யாரோ வூட்டுக்குள்ள போறான்னு" என்பாள் வீரம்மாள். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கை தானாக நின்றுவிடும்.

அவள் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அது கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

சின்ன வயசில் நல்லூர்ப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது கூரை பற்றிக்கொண்டது. இருந்தது ஒரே வழி. அம்மாவின் கை நழுவிப் போனதும், தலைக்குமேல் கீற்று எரிய எரியத் திரையில் யாரோ பேசிக்கொண்டே இருந்ததும் அவளுக்கு மறக்கவில்லை. அம்மா தோள் வெந்து பிழைத்தாள். அதற்குப் பிறகு வீரம்மாள் எந்தக் கொட்டகையிலும் கால் வைக்கவில்லை. ஆனால் கல்யாணமாகி விருத்தாசலம் வந்தால், புருஷன் மாயவன் பிடித்திருந்த வாடகை வீடு தியேட்டருக்கு நேர் பின்னால் இருந்தது. திரையும் அதன் பின்னால் ஒலிபெருக்கியும் இருந்த சுவர் அவர்கள் சந்தில்தான். வேலை விட்டு வந்து, அந்தச் சுவரோரம் பலகையைப் போட்டு அரிசி புடைப்பாள், கீரை ஆய்வாள், படம் கேட்பாள். நடித்தவர்களின் முகம் தெருமுக்கு போஸ்டரில் கிடைத்துவிடும். முதல் தடவை கதை சொன்னபோது, பார்த்துவிட்டு வந்தாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூற்றொன்றில் வைத்திலிங்கத்தின் புதுப் படம் வந்தது. ரயில்வே கேட் பக்கத்துக் குடிசையில் ஒருத்தியும் அவள் குழந்தையும். குடித்துவிட்டு வரும் புருஷன். கடைசிக் கட்டத்தில் "கதவத் தொறடி" என்ற குரலோடு சத்தம் அறுந்து போனது. கரண்டு போய்விட்டது என்று நினைத்தாள். வீட்டில் விளக்கு எரிந்தது. ரீல் அறுந்ததா? யாரும் விசிலடிக்கவில்லை. அத்தனை ஜனமும் மூச்சுவிடாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து மழைச் சத்தம் கேட்டது. உள்ளே பெஞ்சுகள் கடகடக்க ஆட்கள் எழும்போது, மெல்ல ஒரு குழந்தையின் சிரிப்பு. மறுநாளும் அதே இடத்தில் அதே மௌனம்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பெனியில் கேட்டார்கள். "அவ புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பின்வழியா வயல்ல எறங்கிப் போயிடுறா. மூச்சுகூட விடல. அதான் சத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

ராஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத நேர்ல பாத்தே ஆவணும். ஞாயித்துக்கெழம காலைக் காட்சி, எல்லாரும் போறோம். நீயும் வர."

"நாந்தான் பாத்துட்டேனேக்கா."

"இன்னொரு தடவ பாத்தா தேஞ்சா போயிடும்?"

ஞாயிறு வரை அவளுக்கு அதே யோசனை. போகாவிட்டால், அவர்கள் பார்த்துவிட்டு வந்து என்ன சொல்வார்களோ. போனாலோ, அந்த இருட்டு. கம்பெனியில் தன் குரல் கேட்கும் ஒரே நேரம் படம் சொல்லும் நேரம்தான். அதுவும் போய்விட்டால் மிச்சம் என்ன?

போனாள். கதவோரம்தான் உட்கார்ந்தாள். ஆள் வந்து கதவைச் சாத்திக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டதும் செருப்பைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். படம் ஓடியது. காதில் பழகிய குரல்களுக்கு உருவம் வந்தது. உயரமான பொம்பளை என்று அவள் நினைத்திருந்தவள் குட்டையாக, போஸ்டரில் தெரியாத மரு கன்னத்தில் தெரிய இருந்தாள். கயிற்றுச் சத்தமாக மட்டும் கேட்டிருந்த சேந்துகிணறு அவள் நினைத்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கதவைக்கூட மறந்தாள்.

"கதவத் தொறடி."

சத்தம் அறுந்தது. திரையில் குடிசையின் கூரை எரிந்தது. ஒரு சின்ன ஓசைகூட இல்லாமல் கீற்று கீற்றாக எரிந்தது. பின்வழியும் இல்லை, வயலும் இல்லை.

"எந்திரிங்க! ஓடுங்க!"

தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிய நேரமானது. ராஜாம்பாளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆம்பிளைகள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. "யம்மா, படம்மா அது! தண்ணி ஊத்தி அணைச்சிடப் போற!" கதவுத் திரையைக் கிழிக்கிற மாதிரி விலக்கி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வெயிலில் வந்து விழுந்தாள்.

படம் விட்டதும் ராஜாம்பாளும் சுலோச்சனாவும் அவளைத் தேடிச் சந்துக்கு வந்தார்கள். சுலோச்சனா கம்பெனியில் எல்லோருக்கும் சின்னவள். அழுது மூக்கு சிவந்திருந்தது. தியேட்டரில் போட்ட பாட்டு சுவர் வழியே தெளிவாகக் கேட்டது. ராஜாம்பாள் சுவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க குந்திக்கிட்டுதான் இத்தினி நாளா கத உட்டியா?"

வீரம்மாள் தலை குனிந்தாள்.

"புள்ள நெருப்புல செத்துப் போச்சுடி. கூர உழுந்துது, தெர கறுப்பாயிடுச்சு, அவ்ளோதான். நீ என்னாடான்னா வயல்ல எறங்கிப் போனான்னு சொல்ற."

"சாவலக்கா" என்றாள் வீரம்மாள். "சிரிச்சுதே."

"யாரு?"

"புள்ள. மழைக்கு அப்புறம். அது சிரிச்சதாலதான் அவ வெளிய தூக்கியாந்துட்டான்னு நெனச்சேன்."

"எங்களுக்குக் கேக்கலியேக்கா" என்றாள் சுலோச்சனா.

"எப்புடிக் கேக்கும்? கறுப்பான ஒடனே எல்லாரும் பெஞ்சத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சிடுறாங்க. நான் தெனம் கேக்குறேன்."

ராஜாம்பாள் நம்பவில்லை. "மேட்னி முடியட்டும். என் காதால கேட்டுட்டுதான் வூட்டுக்குப் போவேன். சோறு இருக்குதா?" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பகல் முழுக்க வீரம்மாள் சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கேட்டது தன் மனசின் சிரிப்பாக இருந்துவிட்டால்?

சாயங்காலம் மூவரும் சுவரில் காதை வைத்தார்கள். குரல். மௌனம். மழை. பெஞ்சுகளின் கடகடப்பு. அதற்குள்ளே, தூரத்திலிருந்து வருவதுபோல, ஒரு குழந்தை சிரித்தது.

ராஜாம்பாள் காதை எடுக்கவில்லை. "எம்மாடி... இருக்குதுடி" என்றாள் மெதுவாக. பிறகு, "அந்த டைரக்டரு இத யாருக்குன்னு வச்சாரு?" என்று கேட்டாள்.

இப்போது வைத்திலிங்கம் படம் வந்தால் ராஜாம்பாளும் சுலோச்சனாவும் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். விளக்கு போடும்வரை எழுந்திருப்பதில்லை. வீரம்மாள் சுவரோரம் கேட்கிறாள். மறுநாள் மூன்று பேருமாகச் சேர்ந்து மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். தியேட்டருக்குள் அவள் மறுபடியும் போகவில்லை. பயம் போகவில்லை. கம்பெனியில் வாசலோரத்து முக்காலி அவளுடையது. அதில் வேறு யாரும் உட்காருவதில்லை.