மரணச் சங்கத்துக் கதிரைகளில் நடந்த ஜெபம்

ஜெபக் குடும்பத்தாரே, போன வருடம் மழைக்காலத்தில் என் தொண்டையில் ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்துப்போனது. இரண்டும் பெருத்திருந்தால் சளி, தடிமன் என்று விட்டிருப்பேன். இதுவோ வலதுபக்கம் பாக்கு மாதிரி புடைத்திருக்க, இடதுபக்கம் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் பெருத்தாலும் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் நீ புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுகிறவன், அதனால் வெட்டி எடுத்துப் பரிசோதிப்பதே நல்லது என்றார் பெல்மதுளை டாக்டர். அந்தப் "பெரும்பாலும் பயமில்லை" என் காதில் ஏறவேயில்லை. புற்றுநோய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்றிலிருந்து என் தொல்லை எனக்கே தாங்கவில்லை. கைபேசி வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைப் பிளந்து நிற்பேன். கஞ்சி இறங்கினால் சந்தேகம், இறங்காவிட்டால் ஒப்பாரி. கழுத்தைத் தடவித் தடவியே தோல் சிவந்தது. அதையும் நோயின் தலையில் போட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் அத்தனையையும் சிரிக்க வைக்கிறவன் நான். என் மனைவி செல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"செத்தா ஒரு நாளு அழுவேன். இப்படித் தெனமும் அழ என்னால முடியாதுங்க. ஜெபக்கூட்டம் வைப்போம்."

வைத்தோம். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கூடாரமும் கதிரைகளும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆளும் வரும், மழையும் வரும் என்று அவற்றையே வாசலில் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான். அந்த வெள்ளைக் கூடாரம் ஒரு வாசலில் நின்றால் நம் தோட்டங்களில் அதற்கு ஒரே அர்த்தம்தானே.

ஜெபத்துக்காக ருவான்வெல்லையிலிருந்து வந்த என் அக்கா, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூடாரத்தைப் பார்த்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் ராசா, மொகத்தக்கூடப் பாக்க விடாமப் போயிட்டியே" என்று ஓடி வந்தாள். நான் தேநீர்க் கேத்தலோடு எதிரே நின்றேன்.

"அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன். டீ குடி."

"உசிரோட இருக்கிறவன் எதுக்குடா இதப் போட்ட, மூதேவி?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அவள் கன்னத்தில் வழிந்தது நிஜக் கண்ணீர். நான் இல்லாத என் வீட்டை அன்று நின்றுகொண்டே பார்த்தேன். அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து ஜெபித்தேன். ஆண்டவரே, நோயை எடுப்பீரோ மாட்டீரோ, முதலில் இந்தப் பயத்தை எடும். பயப்படாதே என்று உம் வாயால் ஒரு வார்த்தை சொல்லும், போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் அன்று மயக்க ஊசி போடுமுன் சிங்கள நர்ஸ் ஒருவர் என் கையைப் பிடித்து, "பய வெண்ட எப்பா, அய்யே" என்றார். பயப்படாதே, அண்ணா. நான் தமிழில் கேட்டேன், ஆண்டவர் சிங்களத்தில் அனுப்பினார். என் பயம் அங்கேயே இறங்கிப் போனது.

முடிவு வர வாரக்கணக்கானது. அத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கு அதுதான் அற்புதம். புற்றுநோய் இல்லை என்ற செய்தி அதற்கு மேல் கிடைத்தது. வெற்றிலைப் பை அடுப்புக்குள் போனது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பக்கம் பெருத்திருந்தால், கண்ணாடியிடம் காட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பயத்தை ஆண்டவரிடம் கொடுங்கள், அவர் வாங்கிக்கொள்வார்.

நன்றிக் கூட்டத்துக்கும் அதே கதிரைகளைத்தான் போட்டேன். கூடாரத்தைத் தொட அக்கா விடவில்லை. மழை கொட்டியது. நனைந்துகொண்டே பாடினோம்.